தள்ளிப் போயிருக்கு

மூன்று வருடங்களாக ஒரு வீடியோ கேமுக்காகக் காத்திருந்தேன். சூரியன் அணைந்துபோன ஒரு கிரகத்தை விட்டு மனிதர்கள் ஒரே கப்பலில் கிளம்பும் கதை. இரண்டு நிமிட ட்ரெய்லர்தான் வந்திருந்தது. அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கப்பலுக்கு எத்தனை ஜன்னல் என்று எண்ணி வைத்திருந்தேன். நாற்பத்தொன்று. ஒரகடத்தில் ஒரு கார் ஆலையில் வெல்டிங் ரோபோக்களைப் பழுது பார்ப்பது என் வேலை. கேன்டீனில் நான் கப்பல் பேச்சை எடுத்தாலே கூட இருப்பவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார்கள்.

தப்பிக்க முடியாமல் மாட்டிக்கொண்டவள் என் மனைவி. பக்கத்து ஊரான படப்பையில் வாடகை வீட்டில் நாங்கள் இரண்டே பேர். கேம் வரும் தேதி இரண்டு முறை தள்ளிப் போனது. இரண்டு முறையும் செய்தியை முதலில் பார்த்து எனக்குப் போன் செய்தவள் அவள்தான். “தள்ளிப் போச்சுங்க” என்பாள், துக்கம் சொல்வதுபோல. அதே வருடங்களில் எங்களுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனது. அதைப் பற்றி அவளிடம் எனக்குப் பேச வரவில்லை. கப்பலைப் பற்றிப் பேசினேன்.

ஒரு நாள் அவளுக்கு வேலையில் வார விடுமுறை, வீட்டில் இருந்தாள். எங்கள் ஆலையில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டீ இடைவேளையில் எடுத்தபோது அவள் அழைப்பு வந்தது.

“தள்ளிப் போயிருக்குங்க,” என்றாள் மெதுவாக.

“மறுபடியுமா? இதோட மூணாவது வாட்டி. சனியன், எனக்கு நம்பிக்கையே போயிடுச்சும்மா. வந்தா வருது, வராட்டி போவுது. வுட்டுத் தள்ளு.”

அவள் போனை வைத்துவிட்டாள்.

புதுத் தேதி என்னவென்று பார்க்க கேமின் பக்கத்தைத் திறந்தேன். தேதி மாறவே இல்லை. அப்போதுதான் உறைத்தது. தள்ளிப் போனது கேம் இல்லை, அவளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. திரும்பத் திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை.

சூப்பர்வைசரிடம் ஓடினேன். “சார், உடனே வூட்டுக்குப் போவணும்.”

“யாருக்கு இன்னாபா ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆவல சார். நான்தான் வாய வச்சிக்கினு சும்மா இல்ல.”

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவுட் பாஸில் கையெழுத்துப் போட்டார். ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் நான் போனில் சொன்னதை மனசுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு வார்த்தையும் போன தடவையைவிடக் கேவலமாகக் கேட்டது.

அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். “நீங்க நம்பலன்னா பரவால்ல,” என்றாள், திரும்பாமலே. “நான் நம்புறேன்.”

“நான் கேமுன்னு நெனச்சுக்கினேம்மா.”

மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். “கேமா?”

“நீதானே எப்பவும் போன் பண்ணி அப்படிச் சொல்லுவ.”

தலையணை பறந்து வந்து என் மூக்கில் விழுந்தது. அப்புறம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். “லூசு, லூசு,” என்று என் தலையில் குட்டினாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. இன்னும் நாலு குட்டு குட்டியிருந்தாலும் வாங்கியிருப்பேன். போன இரண்டு முறை நடந்ததைப் பற்றி அன்று சாயங்காலம்தான் நாங்கள் முதல்முறையாகப் பேசினோம். இருவருக்கும் பேச நிறைய இருந்தது.

சில வாரம் கழித்து ஸ்கேனில் இதயத் துடிப்பைக் கேட்க வைத்து, டாக்டர் ஒரு தேதியைக் குறித்துக் கொடுத்தார். கேம் வரவேண்டிய அதே மாதம். அடுத்த வாரமே கேம் நிஜமாகவே தள்ளிப் போனது. இணையத்தில் ஊர் உலகமே திட்டித் தீர்த்தது. எனக்கு மட்டும் பாரம் இறங்கியது போல இருந்தது.

டாக்டர் குறித்த தேதிக்கு எட்டு நாள் முன்பே மகள் பிறந்துவிட்டாள்.

“பாத்தீங்களா, ஒண்ணாவது சொன்ன தேதிக்கு முன்னாடி வந்துச்சே,” என்றாள் மனைவி, களைத்த குரலில்.

எனக்குப் பேச வரவில்லை. இந்த முறை கப்பலைப் பற்றியும் பேசவில்லை.