நான் எழுதாத கிணறு

பேய்க்கதை சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொட்டாவி வரும். மேலூரில் பூகோள வாத்தியார் நான். வரைபடத்தில் இல்லாத எதையும் நம்பியதில்லை. நீங்களும் இதை நம்ப வேண்டாம், சிரித்தால் போதும். இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் நடந்தது, அதுவும் பட்டப்பகலில்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தாலுகா சரித்திர பூகோளம் ஒன்று எழுதினேன். நாலு வருஷம், லீவு நாளெல்லாம் ஊர் ஊராக நடந்து, எங்கே என்ன விளையும், எந்தக் கண்மாய் யார் வெட்டியது என்று சேர்த்தது. அப்போதெல்லாம் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அப்படியே அச்சடித்துவிடுவார். திருடனைப் பிடிக்க நான் ஒரு பொறி வைத்தேன்: கொட்டாம்பட்டிக்கு மேற்கே வெறும் பாறைக்காட்டில், இல்லாத ஊர் ஒன்றை நட்டேன். அன்று வீட்டில் பணியாரம். ஆகவே ஊரும் பணியாரம்பட்டி. 'முப்பது வீடுகள் உள்ளன. மக்கள் கோரைப்பாய் நெய்கிறார்கள்.' இரண்டே வரி. யாரிடமும் சொல்லவில்லை.

என் கையெழுத்தை மறுநாள் நானே படிக்க முடியாது என்பதால், கூட வேலை பார்த்த சங்கரலிங்கம் நல்ல பிரதி எடுத்து மதுரை அச்சாபீசுக்குக் கொண்டுபோனான். பதினைந்து வருஷத்துச் சிநேகிதன். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். புத்தகம் வந்தது. அட்டையில் அவன் பெயர் மட்டும் இருந்தது.

"அச்சாபீசுக்காரன் விட்டுப்புட்டான் மாப்ள, நான் என்ன செய்ய?" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

நேரே பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரிடம் போனேன். என் கைப்பிரதியைக் காட்டினேன், அவரால் ஓரெழுத்தும் படிக்க முடியவில்லை. எழுதியவன் நான்தான், அத்தாட்சி வேண்டுமானால் இதில் வரும் பணியாரம்பட்டியே நான் இட்டுக்கட்டிய பொய் என்றேன். அவர் கண்ணால் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாத மனுஷர். மூவருமாக, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் கொட்டாம்பட்டி போய், அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்தோம். சங்கரலிங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது, எனக்குக் குளுகுளுவென்றிருந்தது.

பாறையைச் சுற்றி வண்டி திரும்பியதும், நம்பினால் நம்புங்கள், ஊர் இருந்தது. இரண்டு தரம் எண்ணினேன், முப்பது வீடு. வாசலுக்கு வாசல் நெய்து முடியாத பாய்.

"இது எந்த ஊரப்பா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பணியாரம்பட்டிங்க."

சங்கரலிங்கம் வாயைப் பிளந்தான். ஆனால் என்னைவிடச் சீக்கிரம் மூடிக்கொண்டான். "எல்லாம் நான் கால் தேய நடந்து சேத்த ஊருக சார்." இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்கவே இல்லை, வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் பாய் நெய்துகொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"நீங்கதானய்யா எங்கள எழுதுனது?"

சாட்சி கிடைத்துவிட்டதென்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஆமாப்பா, அதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லு!"

அவர் சத்தத்தைக் கூட்டவில்லை. "பாய் நெய்யிறோம்னு எழுதிப்பிட்டீக. கோரைய நனைக்கத் தண்ணி வேணாமா? அதை விடுங்க, குடிக்க? இன்னும் ஒரு வரி, ஒரு கிணறு எழுத எம்புட்டு நேரமாகும்?"

புத்தக அட்டையைப் பார்த்துவிட்டு நான் சங்கரலிங்கத்தை எப்படிப் பார்த்தேனோ, அப்படிப் பார்த்தார்.

மறுவாரம் தனியாகப் போனேன். வெறும் பாறை. வீடிருந்த தடம்கூட இல்லை. நடுவில் மட்டும், முழங்கால் ஆழத்துக்கு, உளியால் புதிதாகக் கொத்திய ஒரு குழி.

மானத்தை மடித்து வைத்துவிட்டுச் சங்கரலிங்கத்திடம் போனேன். என் பெயர் வேண்டாம், அடுத்த பதிப்பில் 'ஒரு கிணறு உண்டு' என்று மட்டும் சேர்த்துவிடு என்றேன்.

"அங்க கிணறு இல்லையே மாப்ள. பிள்ளைக படிக்கிற புத்தகத்துல பொய் எழுதலாமா?" என்றான்.

என் கைப்பிரதியில் எழுதிப் பார்த்தேன். அச்சேறாத கிணற்றில் தண்ணீர் ஊறாது போலிருக்கிறது. கோடை லீவுதோறும் போய்ப் பார்க்கிறேன். ஆள் நடமாட்டமே கிடையாது, ஆனால் குழி மட்டும் வருஷத்துக்கு வருஷம் ஆழமாகிறது. போன தடவை அடி தெரியவில்லை. குனிந்து காது கொடுத்தேன். வெகு கீழே உளிச் சத்தம்.

"யாரப்பா அது? நான்தான் வாத்தியார்" என்றேன்.

சத்தம் நின்றது. நான் அந்த இடத்தைவிட்டு நகரும்வரை மறுபடி கேட்கவில்லை.