நெட்டுப் பாட்டு வேண்டாம் என்ற அண்ணன்

எங்கள் அண்ணனை நினைத்து, அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம்.

நல்லதை மட்டும் எழுது என்று அண்ணி சொல்லியிருக்கிறார். நல்லதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுத வரும். என் சுபாவம் உங்களுக்குத் தெரியாததா?

அண்ணன் பிறந்தது கருவேப்பிலங்குறிச்சியில். அப்பா காலமானபோது அவர் பள்ளிக்கூடப் பையன். அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு விருத்தாசலம் வந்து, பீங்கான் பட்டறை ஒன்றில் மண் மிதிக்கச் சேர்ந்தார். பிறகு படிப்படியாக உயர்ந்து, சூளையிலிருந்து இறங்கும், வீட்டு மெயின் பெட்டியில் மாட்டுகிற பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைச் சோதிக்கும் வேலைக்கு வந்தார். ஒவ்வொரு கட்டையையும் சின்ன மரக்கோலால் தட்டுவார். கணீரென்றால் நல்லது. சத்தம் மந்தமாக இருந்தால் உள்ளே விரிசல், கழித்துவிடுவார். அந்த வேலையில்தான் என்னைக் கம்மாபுரத்தில் கட்டிக்கொடுத்தார், மகள் கவிதாவைக் கல்லூரியில் படிக்க வைத்தார்.

கவிதாவின் படிப்புக்காக வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி, பிராட்பேண்டும் போட்ட சமயத்தில்தான் அந்தச் சண்டை வந்தது. அண்ணன் திடீரென்று டிஸ்க் பிளேயர் வேண்டும் என்றார். வாழ்நாளில் தனக்கென்று ஒரு சட்டைகூடக் கேட்டு வாங்காத மனிதர்.

“ஏம்ப்பா, டிஸ்க்குல பத்து பாட்டுதான் இருக்கும். நெட்டுல எல்லாப் பாட்டும் இருக்குது. உக்காந்த எடத்துலயே கேக்கலாம்” என்றாள் கவிதா.

“எனக்கு எல்லாப் பாட்டும் எதுக்கும்மா? ஒரு பாட்டு போதும்.”

அவள் விடவில்லை. ஒரு நாள் நான் போயிருந்தபோது, அவர் கேட்ட அம்மன் பாட்டையே நெட்டில் தேடிப் போட்டாள். கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் பாட்டு நின்றது. அவர் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கையாலும் காதைப் பொத்தி, எடுத்து, மறுபடி பொத்தினார்.

“யாரு நிறுத்துனது?” என்று அவர் கத்திய கத்தலில் அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

“யாரும் நிறுத்தலப்பா, லைனு ஸ்லோவா இருக்குது. இப்ப வந்துரும்.”

அண்ணன் சாப்பிடாமல் எழுந்து வெளியே போய்விட்டார். இந்த அற்ப விஷயத்துக்கா இவ்வளவு வீம்பு என்று எல்லோருக்கும் எரிச்சல். கவிதா அழுதாள்.

அந்த வாரமே என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மங்கலம்பேட்டைக்குப் போனார். அங்கே வெளிநாட்டுச் சாமான் விற்கும் பாய் கடையில் பிளேயரை எடுத்து வைத்தார்கள். அண்ணன் பழக்க தோஷத்தில் அதை விரல் முட்டியால் தட்டி, காதை அருகில் வைத்துக் கேட்டார்.

“அண்ணே, இது பீங்கான் இல்லண்ணே, பாட்டுப் பெட்டி!” என்று பாய் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. அந்த அம்மன் பாட்டு இருக்கும் டிஸ்க்கையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிளேயர் வந்து சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டார். முதலாளியோடு சண்டையில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை என்றார். சொந்தபந்தங்களே, நீங்கள் என்ன பேசினீர்கள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “பாட்டு கேக்கறதுக்கே வேலைய வுட்டுட்டாராம்.” “இந்த வயசுல மைனர் ஆயிட்டாரு.” அண்ணி ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சண்டை போடத்தான் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். அண்ணி கோயிலுக்குப் போயிருந்தார், கவிதா கடைசி வருஷம் விடுதியில் சேர்ந்திருந்தாள். அண்ணன் பெட்டியில் காதை ஒட்டவைத்து உட்கார்ந்திருந்தார். நான் வந்ததே தெரியவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“காது போயிட்டுதும்மா” என்றார்.

பாட்டை நிறுத்திவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். என் வாயசைவையே பார்த்துக்கொண்டு பேசினார்.

“இந்தப் பாட்டுல ஜால்ரா ஒண்ணு சன்னமா வரும். நல்ல கட்டையத் தட்டுனா அதே சத்தந்தான். பட்டறையில ரெண்டு மூணு தடவ எனக்கே சந்தேகம் வந்துச்சு. அதான் இத வாங்குனேன். ஞாயித்துக்கிழமை போட்டுப் பாப்பேன். ஜால்ரா கேட்டா மறுநாள் வேலைக்குப் போவேன். ஒரு ஞாயித்துக்கிழமை கேக்கல. மறுநாளே நின்னுட்டேன்.”

“இதுக்கு நெட்டுப் பாட்டு ஆவாதாண்ணே?”

“அது நின்னு நின்னு வருது. லைனு நின்னுச்சா, என் காது நின்னுச்சான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? டிஸ்க்கு எப்பவும் ஒரே மாதிரிதான் பாடும். மாறியிருந்தா நான்தான் மாறியிருக்கணும்.”

“முதலாளிகிட்ட சொன்னா வேற வேலை குடுப்பாருல்ல?”

“சொன்னா ஊருக்கே தெரிஞ்சுரும். கவிதாவுக்கு மாப்பிள்ள பாக்குற நேரம். குடும்பத்துலயே காது செவிடுன்னு பேசுவாங்க. நீயும் வாயத் தொறக்கக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். ஏன் பண்ண வைத்தார் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அண்ணியிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? ஓர் அரிசி ஆலையில் வாட்ச்மேனாகச் சேர்ந்து, ஊர்ப் பேச்சையெல்லாம் சுமந்து, மகளை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார். நெஞ்சுவலி என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வலி இருக்கிறதா என்றாலும் தலையாட்டல், இல்லையா என்றாலும் தலையாட்டல். மனசு கேட்காமல் டாக்டரிடம், “சத்தமா கேளுங்க சார், அவருக்குக் காது கேக்காது” என்றேன். என் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொண்டு அண்ணன் என்னை முறைத்தார். அவர் என்னைக் கடைசியாகப் பார்த்த பார்வை அதுதான்.

கருமாதி முடிந்த பிறகு அண்ணியிடமும் கவிதாவிடமும் சொன்னேன். கவிதா அந்த டிஸ்க்கைப் போட்டு, ஜால்ரா வரும் இடத்தில் தேம்பித் தேம்பி அழுதாள். “எழுதிடுங்க அத்தை. எல்லாருக்கும் தெரியட்டும்” என்று அவள்தான் சொன்னாள்.

புதுச்சேரிக்கு வண்டி எடுத்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த பட்டறைத் தோழர்களுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய மாப்பிள்ளைக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. அண்ணனைப் பேசியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் வேலையை விட்ட காரணத்தை, வாட்ச்மேன் சட்டையில் இருந்தபோது அவரே என்னிடம் இப்படிச் சொன்னார்: “விரிசல் கட்டை ஒண்ணு என் கையால போயி, யாரு வூட்டுலயாவது ஒரு புள்ள அதுல கைய வச்சுட்டா?”

உங்கள் வீட்டு மெயின் பெட்டியில் அண்ணன் தட்டி அனுப்பிய கட்டை இருக்கலாம். பயப்படாமல் கை வையுங்கள். அது அவருக்குக் காது கேட்ட காலத்தில் தட்டியது.