சோளகக் காற்றில் அதிபர்மாரின் மன அமைதி

பள்ளிக்கூட அதிபர்மாரின் மனநலத்துக்காக ஊர்காவற்றுறையில் ஒரு நாள் பயிற்சி என்று சுற்றுநிருபம் வந்தது. அதிபர் வேலையை விடப்போகிறேன் என்பதை வலயக் கல்விப் பணிப்பாளரிடம் நேரில் சொல்ல இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்றுதான் நான் நினைத்தேன். கதைக்கவேணும் என்று அவருடைய அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்லியும் வைத்தேன்.

எங்கள் தீவுக்குப் படகை விட்டால் வேறு வழி கிடையாது. ஆசிரியர்கள் காலைப் படகில் வந்து பின்னேரப் படகில் போவார்கள். நான் திங்கள் வந்தால் வெள்ளி வரைக்கும் பள்ளிக்கூட விடுதியில்தான். மணி அடிப்பது, தண்ணீர்க் குழாய்க்கு ஆள் பிடிப்பது, வலயத்துக்குப் புள்ளிவிபரம் அனுப்புவது எல்லாம் நான். கணிதத்துக்கு ஆள் இல்லாததால் அதுவும் என் தலையில். போன தவணையில், அதிபர்மாருக்கு வேலைப்பளு எவ்வளவு என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். அதை நிரப்பவே ஒரு சனிக்கிழமை போய்விட்டது. பழையபடி ஆசிரியராகப் போனால் பாடத்தைப் படிப்பித்தோமா, வீட்டுக்கு வந்தோமா என்று இருக்கலாம். என் மனுசனும் அதைத்தான் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனார்.

பயிற்சி நடத்த வவுனியாவில் இருந்து ஒரு இளம் பெண் வந்திருந்தாள். நல்ல பிள்ளை. ஒலிபெருக்கியில் அலைச் சத்தத்தைப் போட்டுவிட்டு எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னாள். நீங்கள் ஒரு படகில் மிதந்துகொண்டிருக்கிறீர்கள், மனம் லேசாகிறது என்றாள்.

ஒருவருக்கும் லேசாகவில்லை. என் பக்கத்தில் நெடுந்தீவில் இருந்து வந்த ஒரு அதிபர் இருந்தார், பெரிய மீசைக்காரர். அன்று காலைதான் கடலில் தொப்பலாக நனைந்து வந்திருந்தார். கண்ணை மூடியபடியே கையை உயர்த்தினார்.

"பிள்ளை, இது சோளகமோ, வாடையோ?"

காற்றே இல்லை என்றாள் அவள். அவருக்குத் திருப்தி இல்லை. படகில் எத்தனை பேரை ஏற்றியிருக்கிறது, பாதுகாப்பு அங்கி இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். பின்வரிசையில் யாரோ கடைசிப் படகு எப்போது என்று கேட்டார்கள். அலைச் சத்தம் கூடக்கூட எனக்கு வயிற்றைப் புரட்டியது. நல்ல சீமெந்து நிலத்தில், மின்விசிறிக்குக் கீழே இருந்தவள், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன்.

திரும்பி வந்தபோது அவள் சத்தத்தை நிறுத்தியிருந்தாள். பாவம், முகம் செத்துப்போய் நின்றாள். சரி, கடல் வேண்டாம், கடைசியாக நிம்மதியாக இருந்த நாளைச் சொல்லுங்கோ என்றாள். மீசைக்காரர் கனநேரம் யோசித்துவிட்டு, தனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்த நாள் என்றார்.

என் முறை வந்தது. நிம்மதியாவது மண்ணாங்கட்டியாவது, நான் படும் பாட்டைச் சொல்கிறேன் என்றுதான் எழும்பினேன். மார்கழியில் கடல் பொங்கிப் படகு விடாத நாளைச் சொன்னேன். ஒரு ஆசிரியரும் வரவில்லை. தொலைபேசியும் வேலை செய்யவில்லை. பள்ளிக்கூடம் முழுவதையும் ஒரே மண்டபத்தில் இருத்தினேன். மழை தகரத்தில் கொட்ட, தொண்டை கிழியக் கத்திப் படிப்பித்தேன். பெரிய பிள்ளைகள் வீட்டில் இருந்து மீன் தராசைக் கொண்டுவந்து, காற்கிலோ அரைக்கிலோ என்று நிறுத்துச் சின்னதுகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பொடியன் தன் தங்கச்சியைத் தூக்கித் தராசில் வைக்கப் பார்த்தான். முறைப்பாடாகத் தொடங்கியவள், அந்த இடத்துக்கு வரும்போது சிரித்துக்கொண்டிருந்தேன். சிரித்த வேகத்தில், எனக்குப் பள்ளிக்கூடம் பிரச்சினை இல்லை, படகில் வரும் கடுதாசிகளும் பெரிய ஆக்களும்தான் பிரச்சினை என்றும் சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் பணிப்பாளர் நிற்கிறார்.

பயிற்சி முடிந்ததும் கூப்பிட்டார். "என்னோடை ஏதோ கதைக்கவேணும் எண்டீராம்?"

விலகுகிறேன் என்ற வசனத்தைக் காலையில் படகில் வரும்போதே சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"கணிதத்துக்கு ஒரு ஆள் தாங்கோ சேர். தந்தா இருக்கிறன். இல்லாட்டி ஏலாது, விட்டிட்டுப் போறன்."

ஆள் இல்லை என்றார். அவரும் ஒரு காலத்தில் கணித ஆசிரியர்தான், அது எல்லாருக்கும் தெரியும். அப்போ நீங்களே வாங்கோ என்றேன். கோபிப்பார் என்று நினைத்தேன். ஆனால், ஆள் கிடைக்கும் வரைக்கும் புதன்கிழமைகளில் வருகிறேன் என்றார்.

முதல் புதன் சோளகம் நன்றாக அடித்தது. இறங்குதுறையில் பணிப்பாளரைக் கைத்தாங்கலாகப் பிடித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. ஆனாலும் அருமையாகப் படிப்பித்தார். அடுத்த புதன் வெறும் வயிற்றோடு வந்தார். அதுவும் உதவவில்லை, கரையில் சத்தி எடுத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனார். திரும்பிப் போக வெளிக்கிடும்போது, நீர் எப்படித்தான் இங்கே தனிய இருந்து இவ்வளவையும் சமாளிக்கிறீர் என்று கேட்டார். அதிபராக வந்த நாளில் இருந்து என்னிடம் அதை ஒருவரும் கேட்டதில்லை. பழகிவிட்டது சேர் என்று மட்டும் சொன்னேன்.

அதற்கடுத்த புதன் பணிப்பாளர் வரவில்லை. எங்குமே இல்லாத அந்தக் கணித ஆசிரியர் படகில் இருந்து இறங்கினார்.

அன்றுதான் முதல்முறையாக அதிபரின் கதிரையில் ஆறுதலாகச் சாய்ந்து இருந்தேன். பக்கத்து அறையில் என் பாடத்தை வேறொருவர் படிப்பிக்கும் சத்தம் கேட்டது. அப்பாடா என்று இருந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு எழும்பிப் போய், மூன்றாம் வகுப்பு ரீச்சரிடம் ஒரே ஒரு பாடம் எனக்குத் தாரும் என்று கெஞ்சத் தொடங்கினேன்.