கேமரன் மலைக்கு நாங்களே

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது அம்மா மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கியபடி, யாரையும் பார்க்காமல், “கேமரன் மலைக்குப் போவணும்,” என்றார்.

அண்ணன் சிரித்தார். “அங்க என்னம்மா இருக்கு? முட்டைக்கோசு. அது இங்க பசாருலயே கெடைக்குது.”

“முட்டைக்கோசுக்கு இல்லடா. காட்டுக்குள்ள நடக்கறதுக்குன்னே அங்க பாதை போட்டு வச்சிருக்காங்களாம். வெள்ளக்காரன்லாம் வந்து நடக்கறானாம். நானும் நடக்கணும்.”

“இத்தன வருசமா காட்டுலதானம்மா நடந்தீங்க?”

“அது வேலைக்கு நடந்தது. இது சும்மா நடக்கப் போறது. ரெண்டும் ஒண்ணாடா?”

 நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தேன். ஜாசினுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருட்டு விலகுவதற்கு முன்பே எழுந்து, மேட்டிலும் பள்ளத்திலும் மரம் மரமாக ஏறி இறங்கிப் பால் வெட்டியவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் புக்கிட் காத்தில் ஊருக்குக் குடிவந்த பிறகு அவருக்கு நடக்க இடமே இல்லை. வீட்டு வாசலிலிருந்து கோயிலுக்கு, கோயிலிலிருந்து வாசலுக்கு, அவ்வளவுதான். அப்பா இறந்த பிறகு அவர் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

செய்தி பக்கத்து வீட்டுக்குப் போனது. அங்கிருந்த அத்தை எங்களுக்கு உறவு இல்லை. அம்மாவோடு அதே தோட்டத்தில் இருந்தவர், துரை பங்களாவில் வேலை பார்த்தவர். அவர் வேலியோரம் நின்றபடியே முடிவு சொல்லிவிட்டார்.

“நானும் வரேன். வருசா வருசம் தொரை குடும்பம் அந்த மலைக்குப் போய்ட்டு வரும். அவங்க சப்பாத்துல ஒட்டுன சேத்தயெல்லாம் நான்தான் கழுவுவேன். அந்தச் சேறு எந்த ஊருலேருந்து வந்துச்சுன்னு பாக்கணும்லா.”

அத்தை சேர்ந்ததும் கூட்டம் தானாக வளர்ந்தது. அத்தையின் மருமகள், கோயிலில் பூக்கட்டும் இரண்டு அக்காமார், என்னோடு மின்னணுத் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை பார்த்த மூன்று பெண்கள், அம்மா, நான். ஆண் துணைக்கு அண்ணன். தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கும் வேன் அவருடையது. அவர்தான் ஓட்டுவதாகப் பேச்சு.

அறை பிடிக்கும் வேலை என்னுடையது. கடைத்தெருப் பொதுத் தொலைபேசியிலிருந்து மலைமேல் தானா ராத்தா ஊரில் ஒரு தங்கும் விடுதிக்குப் பேசினேன். எடுத்தவர் மலாய்க்காரர். எத்தனை ஆண்கள் என்று கேட்டார். ஒரே ஓர் ஆள், அவர்தான் டிரைவர், மற்ற எல்லாரும் பெண்கள் என்றேன்.  “வாவ், பாகுஸ்லா,” என்றார். நல்லது என்று அவர் சொன்ன அந்த ஒரு சொல்லை வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொன்னேன். அந்த மலையே எங்களை வரவேற்றுவிட்டதுபோல அம்மா முகம் மலர்ந்தது.

ஞாயிறுதோறும் காலையில் புக்கிட் பெருவாங் குன்றில் ஏறிப் பழகினோம். முதல் வாரம் அத்தை சேலையில் வந்தார். பாதிக் குன்றிலேயே முந்தானையும் மூச்சும் சேர்ந்து மக்கர் செய்தன. அடுத்த வாரம் மருமகளின் டிராக்சூட் சிலுவாரை, அந்த நீளக் கால்சட்டையை, மாட்டிக்கொண்டு, மேலே நீளச் சட்டை போட்டு, வெட்கத்தோடு வந்து நின்றார். ஓடிக்கொண்டிருந்த ஒரு சீனப் பெரியவர் நின்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அத்தையின் வெட்கம் அன்றோடு போயிற்று. அதன்பிறகு பசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குக்கூட அந்தச் சிலுவாரில்தான் போனார்.

அம்மாவுக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. பால் வெட்டும்போது போட்டிருந்த கறுப்பு ரப்பர் சப்பாத்தைக் காலில் மாட்டியவுடன் அவர் உடம்புக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. இருபத்தைந்து வயதுப் பெண்கள் நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, அவர் மேலே போய்விட்டுத் திரும்பி இறங்கி வந்து, “எங்கடி நின்னுட்டீங்க?” என்று கேட்பார்.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது அண்ணன் மனம் மாறினார். டீக்கடையில் கூட்டாளிகள், பொம்பளைங்க டூருக்கு நீ டிரைவரா, அவங்களோட சேர்ந்து நீயும் கும்மி அடிக்கப் போறியா என்று கேலி செய்திருக்கிறார்கள். அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. அத்தையின் மகன் வழியாகத்தான் பிற்பாடு தெரிந்தது. எங்களிடம் சொன்னதெல்லாம், “எனக்கு வேற வேலை வந்திருச்சு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

அம்மா எழுந்து பின்கட்டுக்குப் போனார். துணி துவைக்கும் சத்தம் கேட்டது. துவைக்க அன்று துணியே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்தச் சத்தம்தான் என்னைப் பேச வைத்தது. “அண்ணே, வேன் சாவியக் குடுங்க. நான் ஓட்டறேன்.”

“நீயா?”

“லைசென்ஸ் இருக்குல்ல?”

“இருந்து? எடுத்ததுலேருந்து நீ ஓட்டுனது இங்கேருந்து ஜாசின் வரைக்கும்தான். தாப்பாலேருந்து மேல ஏறுற ரோட்டப் பாத்திருக்கியா? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். எதுக்க லோரி வந்தா மேட்டுல நிறுத்தணும். நிறுத்திட்டு எடுக்கறப்ப வேன் பின்னால உருண்டுச்சுன்னா?”

“உருளாம எடுக்கறேன்.”

அவர் சாவியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். “சரி. எடுத்துக் காட்டு,” என்றார்.

மறுநாள் வேலை முடிந்ததும், ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை போட்டுவிட்ட எங்கள் பழைய தோட்டத்துக்கு என்னை அழைத்துப்போனார். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளே முனகிக்கொண்டு ஏறும் செம்மண் மேடு ஒன்று அங்கே உண்டு. பாதி மேட்டில் வேனை நிறுத்தி, எஞ்சினையும் அணைக்கச் சொன்னார். இறங்கிப் போய், காலியான கட்டிப்பால் டின் ஒன்றைப் பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டி வைத்தார்.

“இது நசுங்குனா டூரு கிடையாது.”

நசுங்கியது. தகடு மடங்கிய சத்தம் எனக்கு உள்ளே கேட்டது.

ஆனால் மறுநாளும் வேலை முடிந்ததும் வாசலில் வேனை நிறுத்தி ஹார்ன் அடித்தவர் அண்ணன்தான். இன்னொரு டின் கொண்டுவந்திருந்தார். அதுவும் நசுங்கியது. அதற்கடுத்த நாள் அவர் கத்தத் தொடங்கினார். “கிளட்ச்ச பயந்து பயந்து விடாத! வண்டி முன்னால இழுக்கும் பாரு, அத உன் காலு சொல்லும். அப்புறம் ஹேண்ட் பிரேக்க விடு!” அவர் கத்தக் கத்த எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. கோபம் எனக்கு நல்லது செய்தது. அன்று டின் நின்றது. திரும்பச் செய்தேன், மறுபடியும் நின்றது.

வீட்டில் அதைச் சொன்னபோது அம்மா கேட்டார்: “வேன்ல ஆள் இருந்துச்சா?”

“இல்லம்மா.”

“ஆளில்லாத வண்டிய ஏத்தறது ஏத்தமா? நாங்கள்லாம் ஏறிக்கறோம். அப்ப எடு.”

சனிக்கிழமை எல்லோரும் வேனில் ஏறிக்கொண்டார்கள். அத்தை சும்மா வராமல் அரிசி மூட்டை ஒன்றையும் தூக்கிப் போட்டார். பாரம் சரியாக இருக்க வேண்டுமாம். அண்ணன் டின்னை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.  கிளட்ச் பிடித்து வேனின் மூக்கு நிமிர்ந்ததை என் பாதம் தெளிவாகச் சொன்னது. ஹேண்ட் பிரேக்கை விட்டேன். வேன் ஒரு விரல்கூடப் பின்னால் போகாமல் மேலே ஏறியது. உச்சியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், அண்ணன் கீழே நசுங்காத டின்னைக் கையில் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்க அவரால் முடியவில்லை.

அன்று மாலை அவரே டயருக்குக் காற்று அடித்தார், பிரேக்கைப் பார்த்தார், உபரிச் சக்கரத்தைக் கழுவிவைத்தார். “வேணும்னா நான் வரேன். எனக்கு லீவு கெடைக்கும்,” என்றார் மெதுவாக.

அம்மா சாவியை அவர் கையிலிருந்து வாங்கி என் கையில் வைத்தார். “எடம் இல்லடா. பின்னால சோத்துச் சட்டி இருக்கு.”

மறுநாள் விடியும்போது ஆயர் கெரோ வந்து நெடுஞ்சாலையில் ஏறினோம். தாப்பாவில் சாப்பிட்டுவிட்டு மலைப்பாதையைப் பிடித்தபோது வெயில் ஏறியிருந்தது. அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. வளைவுக்குப் பின் வளைவு, அதற்குப் பின்னும் வளைவு. ஒரு கொண்டை ஊசி வளைவில் காய்கறி லோரி ஒன்று பாதையை முழுதும் அடைத்துக்கொண்டு இறங்கியது. நிறுத்தினேன். வேனின் முதுகை ஒட்டி ஒரு கார் நின்று ஹார்ன் அடித்தது. அதற்குள் இருந்த ஆண்கள் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்கள். லோரி போனதும் வேனை எடுத்தேன். வேன் பின்னால் அசையவில்லை. என் பின்னால் ஒட்டுமொத்தக் குலவை எழுந்தது. தோட்டத்துத் திருவிழாவில் கரகம் புறப்படும்போது போடுவார்களே, அந்தக் குலவை. மலைச்சரிவில் அது எதிரொலித்துத் திரும்பி வந்தது. மலையின் முதல் ஊரான ரிங்லெட் வரை அத்தை நிறுத்தவே இல்லை.

தானா ராத்தாவில் இறங்கியபோது குளிர் பல்லில் பட்டது. பழைய துணி விற்கும் பண்டல் கடையில் வாங்கிய குளிர்ச்சட்டைகளை மாட்டிக்கொண்டு நாங்கள் தெருவில் நடந்தபோது, விடுதிக்காரர் வாசலுக்கே வந்து டிரைவர் எங்கே என்று கேட்டார். நான் சாவியைத் தூக்கிக் காட்டினேன். அவர் வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் மனைவியையும் மகளையும் கூப்பிட்டு எங்களைக் காட்டினார்.

மறுநாள் காலை காட்டுப் பாதை. எண் எழுதிய பலகை ஒன்று நுழைவில் நின்றது. வேர்கள் படிக்கட்டுபோலக் கிடந்தன. பாசி பிடித்த மரங்களிலிருந்து நீர் சொட்டியது. அம்மா முன்னால் நடந்தார். எந்த வேரில் கால் வைக்கலாம், எது வழுக்கும் என்று அவர் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. வழியில் வெள்ளைக்கார இளைஞர் இருவர், பெரிய முதுகுப் பைகளோடு ஒரு மரத்தில் சாய்ந்து களைத்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அவர்களிடம் தமிழிலேயே, “எந்திரிங்கய்யா, இன்னும் கொஞ்சந்தான்,” என்றார். என்ன புரிந்ததோ, எழுந்து எங்கள் பின்னால் வந்தார்கள்.

மரங்கள் விலகிய இடத்தில் ஊர் முழுதும் கீழே தெரிந்தது. கூரைகள், சாலை, மூடுபனிக்குள் பாதி மறைந்த தோட்டங்கள். புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். இளைஞர்களுக்கும் கையில் வைத்துக் கொடுத்தோம். காரத்தில் ஒருவர் கண் கலங்கியது. அத்தை அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. வேலைச் சங்கு ஊதவில்லை, வேலை முடிந்ததா என்று எவரும் கேட்கவில்லை.

அம்மா ஒரு பாறையில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். தலைமுடியில் பனித்துளிகள். கன்னம் இரண்டும் சிவந்து, நான் பிறப்பதற்கு முன்பு அவர் எப்படி இருந்திருப்பார் என்று காட்டுவதுபோல இருந்தது. ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு மூடி காப்பியை ஊற்றிக் குடித்துவிட்டு, சுற்றிலும் பார்த்தார்.

“இதுக்கு மேல ஏதாவது இருக்கா?” என்று கேட்டார்.

இருந்தது. பாதை இன்னும் மேலே போயிற்று. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தோம்.