மெஹரு உட்கார வைத்த ஓடைக்கரை

"அம்மா, காலா போயிட்டாங்க" என்று என் மகன் செந்தில் கள்ளக்குறிச்சியிலிருந்து போன் செய்தபோது, அடுப்பைக்கூட அணைக்காமல் வாசலுக்கு வந்துவிட்டேன். காலா என்றால் உருதுவில் தாயின் தங்கை. எனக்குத் தங்கை கிடையாது. அவன் சொன்னது, என்னோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சாக இருந்த மெஹருன்னிசாவை. வடக்கனந்தல் பக்கம் அவளிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். ஊசியைவிட அவள் பேச்சுதான் குத்தும் என்று கேலி செய்தவர்களும் இருப்பீர்கள். என் பிள்ளைக்கு அவள் எப்படிக் காலா ஆனாள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இப்போது சொல்கிறேன்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த அந்த வருடங்களில் ரோட்டில் மரம் விழுந்து கிடந்தாலே வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். செந்தில் அப்போது கைக்குழந்தை. தாய்ப்பாலைத் தவிர எதையும் வாங்கமாட்டான். அவனைக் கச்சிராயபாளையத்தில் மாமியாரிடம் விட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடலாம் என்ற தைரியத்தில், நானும் மெஹருவும் தடுப்பூசிப் பெட்டியோடு கல்வராயன் மலைக்கு பஸ் ஏறினோம். சாயங்காலம் பஸ் வரவில்லை. கீழே மறியலுக்காக ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள், ஒரு வண்டியும் ஓடவில்லை என்ற சேதிதான் வந்தது.

மறுநாள் காலை நடந்தே இறங்கினோம். இரவெல்லாம் மழை. பாதி வழியில் ஓடை செந்நிறமாகப் பெருகி, கிளைகளை உருட்டிக்கொண்டு பாதையை அறுத்து ஓடியது. அந்த இரைச்சலுக்குள் என் பிள்ளை அழுவது எனக்குக் கேட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கப் போனேன். மெஹரு என் முந்தானையைப் பிடித்து இழுத்த வேகத்தில் இருவரும் சேற்றில் விழுந்தோம்.

"வுடு மெஹரு, எம் புள்ள செத்துடுவான்."

"எறங்கினா நீ செத்துடுவ. அப்புறம் அவனுக்கு யாரு பாலு குடுப்பா? குந்து."

"உனக்குப் பயமே இல்லியா?"

"ஏங் கையப் புடிச்சிப் பாரு, எப்டி உதறிக்கினு கீதுன்னு. பயந்துகினே குந்து வசந்தா."

நான் சேற்றிலேயே உட்கார்ந்தேன்.

கரையில் எங்களுக்கு முன்பே மலைக்காரர்கள் சிலர் கடுக்காய் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட ஓடையைத் திட்டவில்லை. ஒரு பெண் தூக்குச்சட்டியைத் திறந்து சாமைக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் குழந்தையும் அக்கரையில்தான் இருந்ததாம். தண்ணீர் தெளியட்டும், போகலாம் என்றாள். மெஹரு என் காதருகில் வந்து, "ஓட யாரு சொன்னாலும் கேக்காது. நாமதான் அது சொல்றத கேட்டுக்கணும்" என்றாள். எனக்கு அப்போது அவள்மேல் ஆத்திரம்தான் வந்தது. பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்று மனசுக்குள் வைதேன்.

மதியத்துக்குள் மார் கல்லாகக் கட்டிவிட்டது. மெஹரு தன் வெள்ளைத் துப்பட்டியை விரித்து மறைவு பிடித்தாள். "பீச்சி வுடு. கட்டிக்கினா ஜொரம் வந்துடும்." பால் மண்ணில் விழ விழ நான் வாய்விட்டு அழுதேன். துப்பட்டியைப் பிடித்தபடியே அவளும் அழுதாள்.

பொழுது சாயும் நேரம் தண்ணீர் தெளிந்தது. மலைக்காரர்களின் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டி, விழுந்தடித்து ஊர் வந்து சேர்ந்தோம். வீட்டில் தூளி காலியாகக் கிடந்தது. தூளித் துணியைக் கையால் துழாவினேன்.

"சக்கரத் தண்ணி, பசும்பாலு, எல்லாத்தயும் கக்கிட்டான்" என்றார் மாமியார். "கண்ணு சொருகிச்சி. நான் இன்னா பண்ணுவேன்? மெஹரு அக்கா வூட்ல தூக்கினு போயி குடுத்துட்டேன்."

மெஹருவின் அக்கா ஷமீமுக்கும் அப்போது கைக்குழந்தை இருந்தது. அங்கே ஓடினோம். அவள் மடியில் என் மகன் வாயோரம் பால் வழியத் தூங்கிக்கொண்டிருந்தான். எனக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே நெஞ்சும் கொஞ்சம் எரிந்தது. மெஹரு அதைக் கண்டுகொண்டாள். "வயிறு ரொம்பிச்சில்ல? யாரு பாலுன்னு பாக்காத, வாங்கிக்கோ."

பால் கொடுத்தவள் தாய் என்பது அவர்கள் வழக்கம். ஷமீமின் மகள் இவனுக்கு அக்கா ஆனாள். மெஹரு காலா ஆனாள்.

போன வாரம் அவளைக் குளிப்பாட்டி வெள்ளை சுற்றிக் கிடத்தினார்கள். நெருங்கிய சொந்தத்து ஆண்கள் மட்டுமே முகம் பார்க்கலாம் என்பதால் செந்தில் தெருவிலேயே நின்றான். முட்டி வலியோடு ஷமீம் வாசலுக்கு எழுந்து வந்தாள்.

"டேய், நீ ஏன்டா அங்க நிக்கிற? எம் பாலு குடிச்சவன் நீ. உள்ள வந்து உங் காலா மொகத்தப் பாரு."

எல்லோரும் வழி விட்டார்கள். அவன் உள்ளே போய் மண்டியிட்டு அழுதான்.

எனக்கும் வயதாகிவிட்டது. எப்போது மேலே கூப்பிடுவார்களோ என்று இரவில் பயந்து விழித்துக்கொள்கிறேன். அந்தப் பயத்தை மெஹருவாலும் போக்க முடியவில்லை. ஆனால் நான் இல்லாவிட்டால் என் பிள்ளை என்ன ஆவான் என்று மட்டும் அந்த ஓடைக்குப் பிறகு நான் பயந்ததில்லை. அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.