இறங்கிப் போன பன்னிரண்டு

நெல்கினா ஆற்றில் மீன் எண்ணுவது உட்கார்ந்த இடத்து வேலைதானே என்று ஊரில் இளப்பமாகப் பேசுவார்கள். பேசுகிறவர்களை ஒரு நாள் ஆற்றோரம் உயரமாகக் கட்டியிருக்கும் அந்தப் பரணில் ஏற்றிவிட்டால் தெரியும் சேதி. கொசு ஒரு பக்கம் பிய்த்தெடுக்கும். தண்ணீரின் பளபளப்பு ஒரு பக்கம் கண்ணைப் பிடுங்கும். ஆற்றின் அடியில் இக்கரைக்கும் அக்கரைக்குமாக வெள்ளைத் தகடுகள் பதித்திருக்கும். அதன் மேல் ஒரு கிங் சால்மன் மீன் கறுப்பாகக் கடந்து மேலே போனால், வலது கையில் இருக்கும் எண்ணும் கருவியில் ஒரு அழுத்து. ஏறிய மீன் மனம் மாறிக் கீழே இறங்கினால் இடது கைக் கருவியில் ஒரு அழுத்து. மணிக்கு இருபது நிமிடம் இப்படி எண்ணி, வலதிலிருந்து இடதைக் கழித்து, மிச்சத்தை மூன்றால் பெருக்கினால் அந்த ஒரு மணி நேரத்துக்கான எண்ணிக்கை. வெர்னா பதினேழு கோடைகளாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அந்த வருஷம் மீன் வரத்து மோசம். முட்டையிடப் போகிற மீனே போதாது என்று ஜூன் மாதத்திலேயே தூண்டில் போடத் தடை வந்துவிட்டது. ஒரு சின்ன வழி மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். ஜூலை இரண்டாம் வாரம் புதன்கிழமை நாலு மணிக்குள் இரண்டாயிரத்து எழுநூறு மீன் பரணைத் தாண்டிவிட்டால், சனி ஞாயிறு இரண்டு நாள் ஆற்றைத் திறப்பார்கள்.

ஊருக்குக் கோபம் தடை போட்ட மீன்வளத் துறை ஆபீஸ் மேல் இல்லை. ஆபீஸ் நூற்றைம்பது மைல் தள்ளி இருக்கிறது. வெர்னாதான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். கடையில் ரொட்டி வாங்கப் போனால் வண்டி ரிப்பேர் பார்க்கும் லாய்ட் பிடித்துக்கொள்வான்.

"ஏ வெர்னா, கண்ணாடிய மாத்துன்னா கேக்க மாட்டியா? ஆறு பூரா மீனு. நீ மட்டும் ஒண்ணாங்கிளாஸ் புள்ள மாதிரி ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டிருக்க."

"பீரைக் கொறை லாய்ட். ஒனக்கும் ஒத்த மீன் ஒத்தையாவே தெரியும்."

பதில் சொல்லிவிட்டு வருவாளே தவிர, அந்த வருஷம் ஆறு திறக்க வேண்டும் என்று அவளைப் போல ஏங்கியவர்கள் ஊரில் யாரும் இல்லை. காரணம் வீட்டில் படுத்திருந்தது.

அவள் புருஷன் ஹார்லனுக்குக் கணையத்தில் புற்றுநோய். கோடை முடிந்து கிரான்பெரி பழுக்கும்வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நாற்பது வருஷம் அதே ஆற்றில் வெளியூர்க்காரர்களைப் படகில் கூட்டிப் போய் மீன் பிடிக்கக் காட்டிக் கொடுத்தவன். தூண்டில்காரர்களில் அவன் தனி ரகம். மற்றவர்கள் சாண் மீனை முழமாக்கி, முழத்தைப் படகாக்குவார்கள். ஹார்லன் அரை அங்குலம்கூடக் கூட்டிச் சொல்ல மாட்டான். தப்பித்துப் போன மீனைப் பற்றிக்கூடப் பொய் சொல்லாத மனுஷன் என்று அவனைக் கேலி செய்வார்கள்.

"திங்கறதுக்கு இல்ல வெர்னா," என்றான் ஒரு நாள். "சூப்பே எறங்கல, மீனா எறங்கப் போவுது? தூண்டில்ல அந்த மொத இழுப்பு இருக்கு பாரு, அது ஒரு தடவ கையில படணும். அம்புட்டுதான் ஆசை."

லாய்ட் வாய்தான் பொல்லாதது, மனசு அப்படியில்லை. ஒரு நாள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "விடியக்காலைல நான் கூட்டிட்டுப் போறேன். ஒண்ணப் புடி, தடவிக் குடுத்துட்டு விட்டுரு. யாரு பாக்கப் போறா?"

"மீன் பாக்குமே," என்றான் ஹார்லன். "மூடின ஆத்துல போயி நிக்கறதுக்கு இங்கயே படுத்துச் செத்துடலாம். போடா, போயி வண்டிக்கு கிரீஸ் போடு."

வாசல்வரை வந்த வெர்னாவிடம் லாய்ட் குரலைத் தாழ்த்தினான். "அரசன நம்பிப் புருஷனக் கைவிட்ட கதையா ஆயிடப் போவுது. பாத்துக்க."

புதன்கிழமை காலை அவள் பரணில் ஏறியபோது எண்ணிக்கை இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதின்மூன்று. இன்னும் எண்பத்தேழு வேண்டும். மூன்றால் வகுத்துப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு இருபத்தொன்பது மீன் தட்டுப்பட்டால் போதும். மதியத்துக்குள் பதினேழு ஏறிவிட்டன. ஒன்றுகூடத் திரும்பவில்லை. பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் மீனைப் பார்த்து, "வாடி கண்ணு, வா," என்று வாய்விட்டுக் கூப்பிட்டாள்.

மதியத்துக்கு மேல் வெயில் ஏறியது. மலையில் பனி உருகி ஆறும் ஏறியது. கலங்கல் தண்ணீர் வேகமாக வந்து மோதவும், தகட்டைத் தாண்டின மீன்களில் ஒன்று அப்படியே வாலைக் கீழ்ப்பக்கம் காட்டிக்கொண்டு சரிந்து வந்தது. வெர்னாவின் இடது கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

ஒன்றுதானே என்று நினைத்தாள். அடுத்தது இறங்கியது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? நாலு மணிக்குள் மொத்தம் பதினாலு ஏறி, பன்னிரண்டு இறங்கின. காகிதத்தில் ‘இறங்கியவை’ என்ற கட்டத்தில் மணிக்கு மணி சைபர் போட்டாள். முப்பத்தொன்றை மூன்றால் பெருக்கி, காலைக் கணக்கோடு கூட்டி வயர்லெஸ்ஸில் சொன்னபோது, இரண்டாயிரத்து எழுநூற்று ஆறு.

"அடேயப்பா, திறந்துடலாம் வெர்னா!" என்றான் அந்தப் பக்கமிருந்து டேல். மீன்வளத் துறையின் இளைஞன். அவளிடம்தான் எண்ணக் கற்றுக்கொண்டவன்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேதியைச் சொன்னாள். ஹார்லன் எழுந்து உட்கார்ந்தான். முகத்தில் ரத்தம் ஓடியது. ஒரு நிமிடம் பழைய ஹார்லனாகவே இருந்தான். பிறகு ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தான்.

"மத்தியானத்துக்கு மேல தண்ணி ஏறிச்சே. எத்தன எறங்கிச்சு?"

"ஒண்ணும் எறங்கல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

ஹார்லன் ஆற்றிலிருந்து கண்ணை எடுத்தான். தூண்டில் பெட்டியை எடுத்து வரச் சொன்னான். கை நடுக்கத்தில் ஒரு முடிச்சுப் போட அவனுக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவள் உதவிக்குப் போனால் விரலைத் தட்டிவிட்டான்.

சனிக்கிழமை காலை ஆற்றங்கரையில் ஊரே நின்றது. வெர்னா மடக்கு நாற்காலியைத் தண்ணீர் ஓரமாகப் போட்டு, அவனைக் கம்பளியோடு உட்கார வைத்து, தூண்டில் கோலை மடியில் வைத்தாள். அவன் கோலைப் பிடித்தான். வீசவில்லை.

"வீசேன்."

"காத்து நிக்கட்டும்."

காற்றே இல்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. கரையெங்கும் சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. ஒன்பது மணிக்குள் பதினோரு மீனை இழுத்துப் போட்டுவிட்டார்கள். லாய்ட் தன் மீனை ஹார்லன் காலடியில் கொண்டுவந்து வைத்தான். பெரிய பெண் மீன். வயிறு கிழிந்து சினை ஆரஞ்சு மணிகளாகக் கூழாங்கல்லில் சிதறியது. ஹார்லன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல மீன், லாய்ட்," என்றான்.

அப்போதுதான் டேல் வந்தான். குசலம் விசாரித்துவிட்டு, தொப்பியைத் தள்ளித் தலையைச் சொறிந்தான்.

"வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் சேத்து முப்பத்தாறுதான் ஏறியிருக்கு. புதன்கிழமை மட்டும் அவ்வளவு எப்படின்னு எனக்குப் புரியல. அந்தத் தண்ணிலயும் எறங்கினது சைபர்னு இருக்கு. எழுதறப்ப ஏதாவது விட்டுப் போச்சா, வெர்னா?"

வெர்னா வாயைத் திறந்தாள். அதற்குள் ஹார்லன் பேசிவிட்டான்.

"எண்ணிக்கை சரிதான்ப்பா. அன்னிக்கு நான் பரணுக்குக் கீழதான் வண்டில உக்காந்திருந்தேன். பொழுது போகாம நானும் எண்ணினேன். ஒண்ணும் எறங்கல."

புதன்கிழமை அவன் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. மீனைப் பற்றி வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாதவன், சாகிற நேரத்தில் அவளுக்காக வாய் கூசாமல் சொல்லிவிட்டு ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். டேல் நம்பிவிட்டான். சொன்னது ஹார்லன் அல்லவா? தலையாட்டிவிட்டு நகரப் போனான். வெர்னாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"இல்ல டேல். பன்னெண்டு எறங்கிச்சு. நான்தான் அழுத்தல."

டேல் அவளையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தான். திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். நேரே வண்டிக்குப் போய் வயர்லெஸ்ஸை எடுத்தான். அரை மணியில் ஆறு மூடப்பட்டது. ஜனங்கள் தூண்டில் நரம்பைச் சுருட்டிக்கொண்டு முணுமுணுத்தபடி கலைந்தார்கள். லாய்ட் மட்டும் இருந்து, ஹார்லனைத் தூக்கி வண்டியில் வைக்கக் கைகொடுத்தான்.

வெர்னா வண்டியை ஓட்டினாள். பாலம் வந்ததும் ஹார்லன், "வெர்னா," என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைப் பார்த்ததில்லை.

"எனக்காகத்தான் செஞ்சன்னு தெரியும். எறங்கிப் போன அந்த மீனுங்களுக்காகப் பாத்துத்தான் வீசாம இருந்தேன்னு நெனச்சியா? மொதல்ல அப்பிடித்தான் இருந்துச்சு. அப்புறம் தாங்கல. பொய்யோ நெசமோ, தெறந்துதானே கெடக்கு, வீசிடுவோம், வீசிடுவோம்னு கையி பறக்குது. டேல் போனதும் வீசறதாத்தான் இருந்தேன். அதுக்குத்தான் பொய்யச் சொல்லி அவனச் சீக்கிரம் அனுப்பப் பாத்தேன்."

வெர்னா பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டாள். கீழே ஆறு நிறைந்து போய்க்கொண்டிருந்தது.

"திரும்பிப் போலாமா? நான் டேல் கால்ல விழறேன். ஒரே ஒரு தடவ..."

"மூடியாச்சேம்மா," என்றான் ஹார்லன்.

பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. அவள் கிளப்பினாள். அடுத்த வியாழக்கிழமை அவன் போய்விட்டான். அந்தக் கோடையில் ஆறு மறுபடி திறக்கவே இல்லை.