சித்தப்பா போட்ட லைன்

வயர்மேன் கோபித்துக்கொண்டு போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அக்காவின் மின்சாரச் சூளைக்கு மெயின் போர்டிலிருந்து தடித்த வயரில் தனி லைன் இழுக்க வேண்டும், சுவரை உடைக்க வேண்டும் என்றார். சித்தப்பா சிரித்தார்.

"மண்சட்டி சுட இவ்வளவு பந்தாவா? குளியலறை ஹீட்டர் லைன் சும்மாதானே கிடக்கு? நான் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்க."

சித்தப்பா மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் பார்த்துக் காலம் தள்ளியவர். எங்கள் உறவில் யார் வீட்டுக்குப் போனாலும் அவர் சுற்றிய கறுப்பு டேப் எங்காவது பல்லிளிக்கும். பழுதை அவர் சரிசெய்து நான் பார்த்ததில்லை. அதன் வாயை அடைத்துவிடுவார். வயரின் தோலைப் பல்லால் உரித்து, கூடத்துத் தரையிலேயே துப்புவார். மூன்று வருஷம் ஊர் சுற்றிவிட்டு வந்த எனக்கு அதைப் பார்க்கக் குமட்டியது. வீட்டில் வேறு யாருக்கும் அது கண்ணில் படவே இல்லை.

அக்கா வேலையை விட்டுவிட்டு அந்தச் சூளையை நம்பி இறங்கியிருந்தாள். கோப்பைகளுக்கு முதல் ஆர்டரும் வந்திருந்தது. ஆனால் சூளை சூடேறும்போதெல்லாம் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. வயர் தாங்காது என்று அது வேறு எப்படித்தான் சொல்லும்? சித்தப்பா அதைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றை மாட்டினார்.

"இனிமே விழாது பாரு!"

விழவில்லை. வீடு நாறியது. அழுகிய மீன் நாற்றம்.

"எலி செத்திருக்கு," என்றார் சித்தப்பா. பீரோவை நகர்த்தினோம், பரணைக் காலி செய்தோம். அம்மா வாந்தி எடுத்தாள். நான் மூக்கைப் பொத்தியதும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"உலகம் சுத்தின மகாராணிக்கு எலி நாத்தம் ஆகாதோ?"

குளியலறைச் சுவரில் கை வைத்தேன். சுட்டது. ஹீட்டர் சுவிட்ச் மெழுகு போல இளகித் தொங்கியது. நாற்றம் அதற்குள்ளிருந்துதான். ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

"மட்டமான பிளாஸ்டிக்," என்றார், கூசாமல்.

"போதும் சித்தப்பா. இனிமே எதையும் தொடாதீங்க," என்றாள் அக்கா.

"பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது?" என்றாள் அம்மா, வாந்தி எடுத்த வாயைத் துடைத்துக்கொண்டே. எனக்கு அந்த நாற்றமே தேவலை என்றிருந்தது.

சூளையிலிருந்த கோப்பைகள் வெந்தும் வேகாமலும் வீணாயின. அக்கா வாடகைக்கு ஒரு கொட்டகை பிடித்தாள். அதே வயர்மேனைக் கெஞ்சி அழைத்து வந்து தனி லைன் இழுத்தாள். சித்தப்பா எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். நிம்மதியாக இருந்தது.

ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து, அக்காவின் போனுக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது: "பெரிய சூளை வாங்கப் போறியாமே. வெளி ஆளைக் கூப்பிடாதே. ஞாயித்துக்கிழமை நானே வந்து லைன் போட்டுத் தர்றேன்."